தொள்ளாயிரம் வீட்டுக்காரி

ஒருவரைக் கேலி செய்ய எத்தனையோ வார்த்தைகள் இருக்கின்றன. அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் வார்த்தைக்கே போகவில்லை. ஓர் எண்ணே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

"டேய், தொள்ளாயிரம் வருது! தள்ளி நில்லுங்கடா, வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடும்!"

கத்தியது இரண்டாம் மாடி மின்னல். ஓட்டப் பயிற்சியாளரின் மகன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெள்ளத்தில் போகிறவர்களைப் போலக் கைகால்களை உதறினார்கள்.

அவர்களைத் தாண்டிப் போனவளுக்கு வயது பதினொன்று. வீட்டில் அவளைப் 'பட்டாசு' என்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அன்று அவள் வெடிக்கவில்லை. திரி மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு மாடிக் கட்டடம். மாடிக்கு ஒரு வீடு. எல்லோருக்கும் சேர்த்து மொட்டைமாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. பத்து நாளாகக் காலை ஒன்பது மணிக்கெல்லாம் தொட்டி காலி. அதற்குப் பிறகு குழாயைத் திறந்தால் 'கொர்ர்' என்று காற்றுதான் வரும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் விடுவாரா? மேல்மாடியில் குடியிருக்கும் அவர், முப்பது வருஷம் ஓர் அணைக்கட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு படிவம் உண்டு. இதற்கும் ஒன்று அச்சடித்தார்.

'உங்கள் குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது?' என்று அதில் ஒரே கேள்வி. பதில் எழுத ஒரு கட்டம். தபால்தலை அளவுக் கட்டம்.

நான்கு வீட்டிலும் ஆளுக்கோர் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். செயலாளர் அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

தரைத்தளம்: 900
முதல் மாடி: 15
மூன்றாம் மாடி: 0.9
இரண்டாம் மாடி: 0.25

900-க்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள். அதற்கும் கீழே ஒரு தீர்மானம்: 'கட்டடத்துத் தண்ணீரை உறிஞ்சும் தரைத்தள வீட்டுக் குழாயில், வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கடுகளவு ஓட்டை போட்ட வாஷர் பொருத்தப்படும். மிகக் குறைவாகத் தண்ணீர் எடுக்கும் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் சங்கம் தன் பாராட்டைத் தெரிவித்துக்கொள்கிறது.'

மூன்றாம் மாடி யார் வீடு என்று மறுபடி சொல்லத் தேவையில்லை. தீர்மானத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவரும் அவரேதான்.

தரைத்தளம் பட்டாசின் வீடு.

"கடுகளவு ஓட்டைன்னா எப்படிம்மா வரும்?" என்று சனிக்கிழமை சாயங்காலம் அவள் கேட்டாள்.

"நூல் மாதிரி வரும்" என்றாள் அம்மா. ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை அம்மாவுக்கு. வீட்டுக்கு வந்ததும் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டால்தான் பேச்சே வரும். பத்து நாளாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். "நாம என்ன இங்க யானையா வளர்க்கிறோம்? தொள்ளாயிரமாம்! மாடிப்படி ஏறினா ஆளாளுக்கு என்னைத் திருடி மாதிரி பார்க்கிறாங்க."

அப்பா லாரி ஓட்டுநர். நெடுஞ்சாலையில் யாரையும் முந்த விடமாட்டார். கட்டடத்துக்குள் வந்துவிட்டால் யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார்.

"விடும்மா. நம்பரை நாமதானே எழுதிக் கொடுத்தோம்" என்றார்.

"நாம இல்ல. நீங்க!" பட்டாசு எழுந்து நின்றுவிட்டாள். "எங்கிருந்துப்பா பிடிச்சீங்க அந்தத் தொள்ளாயிரத்தை?"

"நானா ஒண்ணும் பிடிக்கல. நம்ம பச்சை வாளி பதினஞ்சு லிட்டர். குழாய்க்குக் கீழ வச்சேன். ஒரு நிமிஷத்துல நிறைஞ்சுது. அறுபதால பெருக்கினேன், தொள்ளாயிரம் வந்துது, எழுதிட்டேன்."

"ஏன் அறுபதால பெருக்குனீங்க?"

அப்பா அவளை விநோதமாகப் பார்த்தார். "லாரிக்காரன்மா நான். எங்களுக்கு எதுவா இருந்தாலும் மணிக்கு எவ்வளவுங்கிறதுதான் கணக்கு. மணிக்குத் தொள்ளாயிரம் லிட்டர்."

"அந்த 'மணிக்கு'வை ஏன் எழுதல?"

"எங்க எழுதறது? கட்டத்தைப் பார்த்தியா நீ? தொள்ளாயிரத்துக்கே ஒரு சைபரை ஒடுக்கி எழுத வேண்டியதாப் போச்சு."

பட்டாசு வாயைத் திறந்தாள். வெடிக்கத்தான் போனாள். ஆனால் பாதியில் வாய் அப்படியே நின்றது. நிமிஷத்துக்குப் பதினைந்து லிட்டர். பதினைந்து! அந்த எண்ணை அவள் வேறெங்கோ பார்த்திருந்தாள். அறிவிப்புப் பலகையில், தன் வீட்டுக்கு அடுத்த வரியில்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. குழாயில் தண்ணீர் இருக்கிற நேரம். பச்சை வாளியோடு முதல் மாடிக் கதவைத் தட்டினாள். இரவுப்பணி முடித்து அப்போதுதான் வந்திருந்த நர்ஸ் அக்கா, பாதிக் கண்ணோடு கதவைத் திறந்தாள்.

"அக்கா, நீங்க பதினஞ்சுன்னு எழுதினீங்களே, எதுக்குப் பதினஞ்சு?"

"நிமிஷத்துக்கு" என்றாள் நர்ஸ் அக்கா கொட்டாவிக்கு நடுவே. "நாள் முழுக்க நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு இறங்குதுன்னுதானே பார்த்துட்டு இருக்கேன். வேற எப்படி எண்ணுவேன்? ஏன்டி, அதிலயும் தப்பா?"

"இல்லக்கா. உங்க குழாயைக் கொஞ்சம் திறக்கலாமா?"

வாளி நிறைய ஒரு நிமிஷம் ஆனது. அந்தத் தண்ணீரை அவர்கள் வீட்டு அண்டாவிலேயே ஊற்றிவிட்டு, காலி வாளியோடு இரண்டாம் மாடிக்கு ஏறினாள்.

அங்கே கதவைத் திறந்தவன் மின்னல். "ஐயோ, அப்பா! தொள்ளாயிரம் நம்ம தண்ணியையும் எடுக்க வந்திருச்சு!"

"வாயை மூடிட்டு வாளியைப் பிடி" என்றாள் பட்டாசு. அவன் ஏன் பிடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பிடித்துவிட்டான்.

பயிற்சியாளர் கழுத்தில் விசிலோடு வந்தார். தூங்கும்போதும் அதைக் கழற்றமாட்டார் என்று பேச்சு.

"சித்தப்பா, உங்க வீட்டுக்கு எப்படி 0.25 வந்துது?"

"வினாடிக்குக் கால் லிட்டர். வினாடியில சொன்னாத்தான் அது அளவு. மத்ததெல்லாம் வெறும் பேச்சு."

வாளியைக் குழாய்க்கடியில் வைத்தார்கள். அவர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் தானாகவே விசிலும் ஊதினார். நிறைந்தபோது மறுபடி ஊதினார். "சரியா அறுபது வினாடி!"

"எங்க வீட்டுலயும் இதே அறுபது வினாடிதான், அப்பா மணிக்கணக்குல எழுதிட்டார்" என்றாள் பட்டாசு.

"அறுபது கால்" என்று முணுமுணுத்தான் மின்னல். விரலை மடக்கினான். நிமிர்ந்து பார்த்தபோது முகம் கொஞ்சம் கோணியிருந்தது. "பதினஞ்சு லிட்டர். அப்ப... எங்க வீட்டுலயும் உங்க வீட்டு அளவுதான் வருதா?"

"எல்லார் வீட்டுலயும் ஒரே குழாய்டா. கட்டினவன் ஒரே கடையில வாங்கி மாட்டியிருக்கான். இது நாலு பெரியவங்களுக்கும் தோணல!"

மூன்றாம் மாடிக்கு ஏறும்போது வாளியைத் தூக்கிக்கொண்டது மின்னல். பின்னால் விசில். அதற்கும் பின்னால், தூக்கம் போய்விட்ட நர்ஸ் அக்கா. சத்தம் கேட்டு அம்மாவும், அம்மா இழுத்துக்கொண்டு வந்த அப்பாவும்.

செயலாளர் கதவைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தார். "மனு இருந்தா எழுத்துல கொடுங்க."

"மனு இல்ல மாமா, வாளி" என்றாள் பட்டாசு. "உங்க வீட்டுக்கு 0.9-ன்னு போட்டிருக்கீங்க. 0.9 என்ன?"

"இதென்ன கேள்வி? மணிக்கு 0.9 கன மீட்டர். அணைக்கட்டுல தண்ணியைக் கன மீட்டர்லதான் அளப்போம். லிட்டர்ங்கிறதெல்லாம் பால்காரர் கணக்கு."

"ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். ஒரு கன மீட்டர்ல ஆயிரம் லிட்டர் பிடிக்கும். எங்க ஆறாம் வகுப்புப் புத்தகத்துல இருக்கு. அப்ப 0.9 கன மீட்டர்னா எத்தனை லிட்டர் மாமா?"

செயலாளர் பதில் சொல்லவே வாயெடுத்தார்.

"தொள்ளாயிரம்!" என்று படிக்கட்டிலிருந்து கத்தினான் மின்னல். பழக்க தோஷம்.

"ஆக, நீங்க எழுதினதைத்தான் எங்கப்பாவும் எழுதினார். நீங்க எழுதினா பாராட்டு, எங்கப்பா எழுதினா கடுகளவு ஓட்டையா? எங்கம்மா பத்து நாளா ஈரத்துணியில குளிக்கிறாங்க. அடுப்புல வேகிறவங்க மாமா அவங்க!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கட்டம் சின்னது" என்றார் செயலாளர் கடைசியில். "மணிக்கா, நிமிஷத்துக்கான்னு சின்ன எழுத்துல போட இடமில்ல." பிறகு கொஞ்சம் தெம்பு வந்து, "சரி, எல்லாருக்கும் ஒரே அளவுன்னே வச்சுக்குவோம். அப்ப என் தண்ணி எங்க போகுது? தினமும் விடியக்காலையில நானே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை முழுசா நிரப்புறேன். புது மோட்டார். மூணு வாரம்தான் ஆகுது."

நியாயமான கேள்விதான். பட்டாசுக்குக் கோபத்திலும் அது தெரிந்தது.

"எவ்வளவு நேரம் போடுவீங்க?"

"பன்னிரண்டு நிமிஷம். துல்லியமா. தொட்டி பத்துக் கன மீட்டர். மோட்டார் மணிக்கு ஐம்பது. கணக்குப் போட்டுக்கோ."

"மேல ஏறி ஒரு தடவையாவது பார்த்தீங்களா, நிறைஞ்சுதான்னு?"

"கணக்கு இருக்கும்போது ஏணி எதுக்கு?"

"அந்த ஐம்பது மோட்டார்லதானே எழுதியிருக்கு? வாங்க, அதையே பார்ப்போம்" என்றாள் பட்டாசு.

இந்த நேரத்தில் பிளம்பர் வந்து சேர்ந்தார். கையில் கடுகளவு ஓட்டை போட்ட வாஷர். எல்லோரும் கீழே மோட்டார் அறைக்குப் போவதைப் பார்த்து, எங்கோ கல்யாணம் என்பதைப் போல அவரும் கூடவே போனார்.

மோட்டாரின் நெற்றியில் ஒரு தகரத் துண்டு. அதில் பெரிதாக '50'. பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. பட்டாசு சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தாள். பிசுக்குக்கு அடியில் சின்ன எழுத்துகள் இருந்தன.

"மாமா, நீங்களே படிங்க."

செயலாளர் கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"லிட்டர்... நிமிஷத்துக்கு" என்றார். அவர் குரலை முதல் தடவையாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"நிமிஷத்துக்கு ஐம்பது லிட்டர். பன்னிரண்டு நிமிஷத்துல அறுநூறு லிட்டர். தொட்டிக்கு வேணும் பத்தாயிரம்" என்றாள் பட்டாசு. "பழைய தண்ணி இருந்த வரைக்கும் தெரியல. அது தீர்ந்ததும் நாலு குடும்பமும் அறுநூறுல குளிச்சுட்டு இருக்கோம்."

பிளம்பர் வாஷரைப் பையில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். சற்று நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "சார்! உள்ள இறங்கி நடந்து பார்த்தேன்! கணுக்கால்கூட முழுசா நனையல சார்!"

பயிற்சியாளர் மோட்டார் பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டு விசில் ஊதினார். தொட்டி நிறைய மூன்று மணி இருபது நிமிஷம் ஆகும் என்று நர்ஸ் அக்கா சுவரில் கரிக்கட்டியால் கணக்குப் போட்டாள். மேலே, காலித் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

செயலாளர் பட்டாசின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடதுதான்மா. மனசுல வச்சுக்காதே."

"என்கிட்ட சொல்லி என்ன மாமா? திட்டினது பலகையில. மன்னிப்பும் பலகையிலதான் வரணும்."

"விடும்மா" என்று ஆரம்பித்தார் அப்பா.

"விடாதே" என்றாள் அம்மா.

மத்தியானம் அம்மா இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, பத்து நாள் பேச்சையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா மாட்டிக்கொண்டார். பட்டாசு நழுவி வெளியே வந்தபோது பலகையில் பழைய காகிதம் இல்லை. மின்னல் அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டானாம். அந்த இடத்தில் புதுக் காகிதம் ஒன்று.

'தரைத்தள வீட்டார் மேல் எந்தத் தவறும் இல்லை. தவறு முழுவதும் செயலாளருடையது. அவர் மனமார வருந்துகிறார்.'

அதற்குக் கீழே, செயலாளரின் வழக்கப்படி, தபால்தலை அளவில் ஒரு கட்டம்.

'இந்த அறிவிப்பு இங்கே இருக்கும் காலம்: 3'

பட்டாசு அந்த மூன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூன்று, அவ்வளவுதான். பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

பலகையில் நூல் கட்டித் தொங்கிய பென்சிலை எடுத்தாள். 'வருஷம்' என்று எழுதத்தான் கை போனது. அப்புறம், வயசான மனுஷர், பாவம் என்று தோன்றியது. கட்டத்துக்கு வெளியே, இடம் தாராளமாக இருந்த பக்கத்தில், அழகாக எழுதினாள்: 'மாதம்.'