மாமி என்ற சொல்

"இவ ஆர்?"

"செலின் மாமி."

"பிழை. நல்லா யோசிச்சுச் சொல்லு. இவ ஆர்?"

"...அம்மா."

"கெட்டிக்காரி! அப்ப நான் ஆர்?"

"நீங்களும் அம்மா!"

"இல்லை ராசாத்தி... நான் மாமி. அவதான் அம்மா. ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லவேணும். எங்கை, திருப்பிச் சொல்லு பாப்பம்."

குழந்தை அதை ஒரு விளையாட்டென்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தாள். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், நான்கு வயது நிறோஷினியின் தலையை வாரிவிட்டபடியே பவளராணி சொல்லிக்கொடுத்த பாடம் அது. விமானம் ஏறும்வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். ஒரு தடவைகூடப் பிழைக்கக் கூடாதே!

இப்போது டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்தில் ஒரு மூன்றாம் மாடிக் குசினியில் கேத்தில் கொதிக்கும் நேரங்களில், அந்தச் சிரிப்பு அவள் காதுக்குள் மெல்ல எழும். கடலிலிருந்து வரும் பனிப்புகார் ஜன்னல் கண்ணாடியில் வந்து படியும். துறைமுகத்துக் கிரேன்கள் பாதி தெரியும், பாதி தெரியாது. தான் வாழ்ந்ததையா நினைக்கிறோம், யாரோ சொல்லக் கேட்டதையா என்று அவளுக்கே சில வேளைகளில் சந்தேகம் வரும்.

அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. மன்னாரில் ஷெல்லடி. கணவன் பேதுரு முன்பே டென்மார்க் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய அக்கா மேரிசெலின் புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை குட்டி இல்லாதவள். 'குழந்தையோட வாற விதவையை எந்த நாட்டிலயும் திருப்பி அனுப்பமாட்டாங்கள்' என்றான் ஏஜென்ற். நிறோஷினி செலினின் மகளாகப் பறந்தாள். பவளராணியைப் பிறகு பேதுரு முறைப்படி கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. ஆறே மாதம் என்றார்கள். ஆனால் அந்த நாட்களில் டென்மார்க்கில் அரசாங்கமே நிறுத்தி வைத்ததால் தமிழ்க் குடும்பங்களின் மனுக்கள் ஒன்றும் அசையவில்லை. மாதங்கள் வருஷங்களாயின. ஒருவழியாக அவள் வந்து இறங்கியபோது, செலினின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நெட்டையான சிறுமி, வெட்கத்தோடு முன்னால் வந்து சொன்னாள்:

"வணக்கம் மாமி!"

பாடம் பிழைக்கவில்லை. பிள்ளை மறக்காமல் வைத்திருந்தது அந்தச் சொல்லை மட்டும்தான்.

அந்த வீட்டில் பேதுருவும் மகளுக்கு 'மாமா'தான். அம்மாவின் தம்பி வேறு என்னவாக இருக்க முடியும்?

"கொஞ்சம் பொறும் பவளம்," என்று அவன் கெஞ்சினான். "எங்கட சனத்தின்ர பிரச்சினைதான் இப்ப ரீவியிலயும் பேப்பரிலயும். பிள்ளை பள்ளிக்கூடத்தில வாய் தவறி ஏதும் சொல்லிப்போட்டா... பொய் சொல்லி வந்தவை எண்டு பிள்ளையையே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்கள்."

அவள் பொறுத்தாள். ஆனால் ஒரே ஒரு கேள்விதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இவர்கள் பிள்ளையை என்றைக்காவது தனக்குத் தருவார்களா? மகளிடம் கேட்க ஒரு சின்ன வேண்டுதல் அவள் நாவின் அடியில் எப்போதும் கிடந்தது. தலை பின்னும்போது வரும். போர்வை இழுத்து மூடும்போது வரும். வாசலில் செலினின் செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்பி உள்ளே போய்விடும்.

வந்த புதிதில் ஒரு காலை. "மோர்!" என்று குளியலறைக்குள்ளிருந்து பிள்ளை சத்தம் போட்டாள். பவளராணிக்குத் தலைகால் தெரியவில்லை. மகள் வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாளே! தயிரைக் கடைந்து, சின்ன வெங்காயம் இல்லாததால் பெரிய வெங்காயத்தைப் பொடியாக அரிந்து போட்டு, உப்பிட்டு, கிளாஸும் கையுமாகக் கதவடியில் போய் நின்றாள். நிறோஷினி ஈரத் தலையோடு கிளாஸைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள்.

செலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி விசரி! மோர் எண்டா இஞ்ச அம்மா! டெனிஷில அம்மாவுக்கு அதுதான் பேர். பிள்ளை என்னைக் கூப்பிடுறாள்!"

பவளராணியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிங்க்கைப் பார்த்துத் திரும்பி நின்று, அந்த மோரைத் தானே குடித்து முடித்தாள்.

இன்று காலை செலின் புதுப் பாவாடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். நிறோஷினியின் வகுப்பில் சில கிழமைகளாக யப்பானைப் பற்றிப் படிக்கிறார்கள். வீட்டு அலுமாரி முழுதும் காகிதக் கொக்குகள். மத்தியானம் பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு யப்பான் படம் காட்டுகிறார்களாம். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கதை.

"நானும் வரட்டே, மச்சாள்?"

"நீ வந்து என்ன செய்யப் போறாய்? அவை யப்பான் பாஷையில கதைப்பினம். கீழ டெனிஷில எழுத்து ஓடும். உனக்கு ரெண்டும் ஒண்டுதான்!"

மீன் பக்டரிக்குப் புறப்பட்டு நின்ற பேதுரு குறுக்கிட்டான். "அக்கா, வரட்டும் விடுங்கோவன்."

"நான் வேண்டாமெண்டே சொன்னனான்? பெண்சாதிக்கு வக்காலத்து வாங்க வந்திட்டார்! வரட்டும்... வந்து விடிய விடிய முழிசிக்கொண்டு இருக்கட்டும்!"

"படம் மத்தியானம், மோர்!" என்றாள் நிறோஷினி. "விடிய விடிய இல்லை."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அயர்ன் பெட்டி மட்டும் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது.

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். றப்பர் மெத்தை வாசனை, கோப்பி வாசனை. ஆசிரியை எமிலியா ஓடி வந்து செலினின் கையைக் குலுக்கி, "நிறோஷினியின் அம்மா!" என்றாள். பிறகு பவளராணியிடம் திரும்பி, "நீங்கள்தான் மாமியா?" என்று டெனிஷில் கேட்டாள். அந்தச் சொல் பவளராணிக்கு இப்போது தெரியும்.

"யா," என்றாள். நன்றாகச் சிரித்தபடி.

விளக்குகள் அணைந்தன. கறுப்பு வெள்ளையில் பனி விழுந்தது. திரையில் மட்டும்தான் விழுகிறதா, மண்டபத்துக்குள்ளும் விழுகிறதா என்று தெரியாத மெல்லிய பனி. ஒரு கடற்கரைக் கிராமம். ஒரு தாய் தன் மகளைப் பட்டணத்தில் படிக்கவென்று புருஷனுடைய தமையன் வீட்டில் கொண்டுபோய் விடுகிறாள். ரயில் புறப்படுகிறது. தாய் கூடவே ஓடவில்லை. ரயில் போன பிறகும் தலை குனிந்து வணங்கியபடி நிற்கிறாள். அவள் தோளில் பனி சேருகிறது.

பவளராணிக்கு ஒரு பாஷையும் தேவைப்படவில்லை.

செலினின் மடியில் பாதியும் கதிரையில் பாதியுமாக இரண்டு பெண்களுக்கும் நடுவில் நிறோஷினி இருந்தாள். செலின் குனிந்து எழுத்தை வாசித்து, முணுமுணுப்பாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்தப் பெட்டை வகுப்பில முதலாம் பிள்ளையாம்... தாய்க்காரி கடல்பாசி பொறுக்கிறாளாம்..." காலையில் பேசிய பேச்சுக்கு அது ஒரு வகை மன்னிப்பு என்று பவளராணிக்குத் தோன்றியது. திரையில் வருஷங்கள் போயின. வெண்மையான பூக்கள் உதிர்ந்தன, மறுபடியும் பனி பெய்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குத் தாய் வருகிறாள். வேலி ஓரமாக, கையில் சோற்றுப் பொதியோடு. மகளுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தமையன் மனைவிக்குத் தெரிகிறது. அவள் வேலியடிக்கு வந்து ஏதோ ஒன்றைச் சொல்கிறாள்.

செலின் அதைச் சொல்லவில்லை.

"என்னவாம் மச்சாள்?"

எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. செலின் திரையையும் பார்க்கவில்லை.

"நான் சொல்லுறன், மாமி," என்றாள் நிறோஷினி, தன் உடைந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக. "அந்த... மற்ற அம்மா சொல்லுறா. நீ வரக்கூடாது எண்டு... நான் ஒவ்வொரு நாளும் கும்பிட்டனான் எண்டு."

கதிரை கிறீச்சிட்டது. செலின் எழுந்து, இருட்டில் ஆட்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே போனாள்.

பவளராணி அவளைக் கண்டுபிடித்தபோது, செலின் பிள்ளைகளின் மழைக்கோட்டுகள் தொங்கும் நடையில் ஒரு தாழ்ந்த வாங்கில் குந்தியிருந்தாள். மஞ்சள், சிவப்பு, நீலக் கோட்டுகள் அவள் தலைக்கு மேலே வரிசையாகத் தூங்கின.

"போ! போய்ப் படத்தைப் பார்!"

"என்ன நடந்தது மச்சாள்?"

"என்ன நடந்ததோ? உனக்கு விளங்கேல்லையே? பிள்ளை சொன்னாளே! அது படத்தில வாற பொம்பிளை இல்லையடி... நான்தான்!" அவள் மார்பில் அறைந்துகொண்டாள். "வந்த புதுசில இவள் சாப்பிடாமல் கிடந்தாள். காய்ச்சலிலயும் அம்மா, அம்மா எண்டு உன்னைத்தான் தேடினவள். நான்தான் அம்மா, இஞ்ச பார் எண்டு சொல்லிச் சொல்லித்தான் ஊட்டினன். பிறகு ஒருநாள் அவளே என்னை அப்பிடிக் கூப்பிட்டாள்... அண்டைக்குப் பிடிச்சது எனக்குப் பேய்! பிரெடெரிசியாவில இருந்து ஸ்ரிபன் எண்டொருத்தர் என்னைக் கேட்டு வந்தவர். பிள்ளை வேண்டாமெண்டார். போமெண்டு அனுப்பிப்போட்டன். மடு மாதான்ர படத்துக்கு முன்னால முழங்காலில நிண்டு, பவளத்துக்கு விசா கிடைக்கவேணும் எண்டு வாயால மன்றாடினனான். கிடைக்கக் கூடாது எண்டு மனசால மன்றாடினனான். மாதா வாயைக் கேக்கேல்லை... மனசைத்தான் கேட்டவ! என்ர செபத்தாலதான் உன்ர மனு நிண்டது!"

எத்தனை இரவுகள் பவளராணி இந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டியிருக்கிறாள்! பிள்ளையைப் பறித்தவள், சிரித்துச் சிரித்துக் குத்துகிறவள் என்று! அந்தச் சிரிப்புக்கு அடியில் இப்படி ஒரு நடுக்கம் இருந்ததா? அவளும் வாங்கில் இருந்தாள். சின்னப் பிள்ளைகளின் வாங்கு. இருவருக்கும் முழங்கால் நாடியைத் தொட்டது.

"மச்சாள்... ஒண்டு கேக்கட்டே? எத்தினை தமிழ்ச் சனத்தின்ர மனு நிண்டது! ஸ்கீவவில, கோப்பென்ஹேகனில, எல்லா இடத்திலயும். நீங்கள் ஒராள் மன்றாடி இவ்வளவு சனத்தையும் நிப்பாட்டினீங்களே? மாதாவிட்டை உங்களுக்கு அவ்வளவு செல்வாக்கோ?"

செலின் ஈர முகத்தோடு திரும்பிப் பார்த்தாள். விக்கலா சிரிப்பா என்று தெரியாத ஒன்று அவளிடமிருந்து வெடித்தது. "போடி விசரி..." என்றாள். அடுத்த கணம் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு, மழைக்கோட்டுகளுக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

"பிள்ளையை வச்சிருந்ததுக்கு... உங்கட காலில விழவேணும் மச்சாள் நான்."

"விழாதை. இந்த வாங்கில இடமில்லை." செலின் பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்தாள். பிறகு குரல் மாறியது. "பேதுரு பயப்பிடுறான். நான் பயப்பிடேல்லை. பொய் சொல்லி வந்தது நான். நாளைக்கு லோயரிட்டைப் போவம். என்ர பிள்ளை இல்லையெண்டு நானே சொல்லுறன். பிடிச்சா என்னைப் பிடிக்கட்டும்."

"உங்களை விட்டிட்டு அவள் இருக்கமாட்டாள்..."

"இருக்கச் சொன்னதார்? நான் எங்கை போறன்? அவளுக்கு நான் மாமியெல்லே!"

அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவள் உதடு கோணியது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

மண்டபக் கதவு திறந்தது. ஒரு கீற்று இசையும், திரையிலிருந்து வழிந்த வெள்ளை ஒளியும் நடைக்கு வந்தன. அதன் நடுவில் நிறோஷினி நின்றாள். பனியிலிருந்து நடந்து வந்தவள் போல.

"படம் முடியேல்லை! ஏன் ரெண்டு பேரும் வந்திட்டீங்கள்? மாமி, ஏன் அழுறீங்கள்?"

செலின் எழுந்தாள். பிள்ளையின் தோளில் கை வைத்து, மெல்லப் பவளராணியின் பக்கம் நகர்த்திவிட்டாள். "அவ உன்னட்டை ஒண்டு கேக்கப் போறா, நிறோஷி. வடிவாக் கேள்." பிறகு நடையின் அடுத்த கோடிக்குப் போய், ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் முதுகு மட்டும் ஆடாமல் நின்றது.

பவளராணி தரையில் முழந்தாளிட்டாள். இப்போது மகளின் கண்கள் அவளுடைய கண்களுக்கு நேரே இருந்தன. அருகில் பார்த்தால் பேதுருவின் புருவம். வகிட்டின் ஓரத்தில் அவளே மறந்துபோயிருந்த சின்ன மறு. அந்தக் கண்ணாடி போன்ற கன்னத்தைத் தொடக் கை எழுந்தது. தொட்டது.

உள்ளே யாரோ யப்பான் மொழியில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ராசாத்தி..." என்றாள். நாவின் அடியில் கிடந்த அந்த வேண்டுதல் மேலே வந்தது. இத்தனை காலமும் திரும்பிப் போன வார்த்தை. அவள் அதைப் போக விடவில்லை.

"உனக்குப் பிடிச்ச எந்தப் பேரையும் சொல்லிக் கூப்பிடு... கூப்பிடாமலும் இரு, பரவாயில்லை. ஆனா... ஆனா இனி என்னை மாமி எண்டு மட்டும் கூப்பிடாதை, பிள்ளை. நான்தான் உன்ர அம்மா."