பஞ்சு வைத்த பெட்டி

மூன்று விசிறிகளையும் நிறுத்திய பிறகும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

டாரின் ஹாக்லண்ட் தரையில் முழங்காலிட்டிருந்தான். வீட்டிலேயே கணினி கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. எந்த விசிறி இரைகிறது என்று தெரியாதபோது பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு விசிறியின் நடுவிலும் மெல்ல அழுத்தி நிறுத்திக் கேட்பார்கள். எதை நிறுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. முன்பக்கத்து இரண்டுக்கும் கம்பியைப் பிடுங்கியிருந்தான். பின்பக்கத்து விசிறி பென்சிலின் கீழே அசையாமல் இருந்தது. உள்ளே சுழல்வதற்கு இனி எதுவுமில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் மெல்ல ஏறியது, ஒரு கணம் தயங்கியது, மெல்ல இறங்கியது. தூங்குகிற யாரையோ எழுப்பாமல் கதவைத் திறந்து மூடுவதுபோல.

பென்சிலை எடுத்தான். விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியதும் அந்தச் சத்தம் அதற்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

"ரெனே, நீ இப்ப ஏதாவது சொன்னியா?"

அவனுக்குப் பின்னால், ஜன்னலோரக் கட்டிலிலிருந்து பதில் வர எப்போதும் நேரமாகும். வார்த்தைக்கு வேண்டிய மூச்சை அவள் முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"நான் சொல்லல," என்றாள் அவன் மனைவி. "நீதான் அதுகிட்டயே பேசிட்டிருக்க."

அவன் சிரித்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

ரெனேயின் தசைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்த நோய், இலையுதிர்காலத்தில் அவள் குரலுக்கு வந்து சேர்ந்திருந்தது. மாடிப்படி ஏற முடியாமல் போன அன்றே அவள் கட்டிலை முன்னறைக்கு இறக்கிவிட்டார்கள். மூச்சு இயந்திரம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். டாரின் தன் மேசையையும் அதே அறைக்குக் கொண்டுவந்தான். மாவட்டச் சாலைகளுக்கு வரைபடம் போடுகிற வேலை அவனுடையது. அதற்குக் கனமான கணினி வேண்டும். கனமான கணினிக்குச் சூடு அதிகம், சூட்டுக்கு விசிறி, விசிறிக்கு இரைச்சல். ஒருநாள் மதியம் அவள் போர்வை நழுவி விழுந்தது. அவள் அவனைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எட்டடி தூரத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அவனுக்கு அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. வேலை முடித்துத் திரும்பியபோது அவள் உதடு நீலமாக இருந்தது.

"பரவால்ல," என்றாள். "எனக்கும் பொழுது போச்சு."

அந்த மன்னிப்புதான் அவனைத் தூங்கவிடவில்லை. அவள் கூப்பிடும்போது தனக்குக் கேட்க வேண்டும். வேறு எதையும் அவன் கடவுளிடம் கேட்கவில்லை.

சத்தம் குறைந்த கணினிப் பெட்டிகளைப் பார்க்கக் கோர்டியின் வீட்டு நிலவறைக்குப் போனான். கோர்டி அவனோடு தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு எடுப்பவன். நல்ல மனசு, நிற்காத வாய். தன் கணினியைப் பிரித்துக் கட்டுவதே அவனுக்குப் பொழுதுபோக்கு.

"இது வலை முகப்பு," என்று ஒன்றைத் தட்டிக் காட்டினான் கோர்டி. "காத்து தாராளமா போகும். பெரிய விசிறியா போட்டு மெதுவா சுத்தவிடு. லேசா ஒரு இரைச்சல் இருக்கும், ஏரிக்காத்து மாதிரி. நம்ம ஊர்க்காரனுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா?"

"அந்தக் கறுப்புப் பெட்டி?"

"அது பஞ்சு வச்சது. கதவு, கூரை எல்லாத்துலயும் தடியா ஒட்டியிருக்கான். மூடினா சவப்பெட்டி மாதிரி..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கடா. என் வாய்க்கு ஒரு விசிறி போடணும்."

"அதைத்தான் எடுத்துக்கறேன்."

"கேளு டாரின். பஞ்சு சத்தத்தை வெளிய விடாது, சரி. காத்தையும் விடாதே. உள்ள கிடந்து வேகும்."

"எனக்குத் துளி சத்தம் வேணாம், கோர்டி. அவ மூச்சு எனக்குக் கேக்கணும்."

கோர்டி பெட்டியைக் காரில் ஏற்றிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

சத்தம் வெங்காயம் போன்றது. ஒன்றை உரித்தால் அடுத்தது தெரியும். பழைய விசிறிகளை மாற்றியதும் கோப்புகளைச் சேமிக்கும் சுழல்தட்டின் கரகரப்பு கேட்டது. சுழல்தட்டை எடுத்ததும் மின்பலகையின் ஈபோன்ற முனகல் கேட்டது. விசிறிகளுக்குத் திருகாணிக்குப் பதில் ரப்பர் ஆணி போட்டான். சூட்டை இழுக்கத் தலையணை அளவு அலுமினியத் தகடுகளை நடுவில் நிறுத்தினான். மேலே காற்றுக்கென்று விட்டிருந்த துளைகளையும் மிச்சப் பஞ்சால் அடைத்தான். பெட்டி சூடேறியது. தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றிபோல இருந்தது. ஆனால் அமைதி. ஒவ்வொரு மாலையும் ரெனேயின் மூச்சு அவனுக்கு இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. அவன் முதுகுத்தண்டில் அது இதமாக இறங்கியது. வேலையினிடையே திரும்ப வேண்டிய தேவைகூட இல்லாமல் போயிற்று.

கடைசித் தோலை உரித்தபோதுதான் இந்தச் சத்தம் கேட்டது.

மறுநாள் ஒரு சோதனை செய்தான். மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைப் பெட்டியின் பின்புறத் துளைக்கு முன்னால் ஒட்டித் தொங்கவிட்டான். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க எல்லோரும் செய்வது. விசிறி ஒரே பக்கம்தான் தள்ளும். காகிதம் வெளிப்பக்கமே பறக்க வேண்டும்.

காகிதம் வெளியே பறந்தது. தொய்ந்தது. பிறகு உள்ளே இழுபட்டுத் துளையில் ஒட்டிக்கொண்டது. மறுபடி வெளியே.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். விளக்கு அணைந்தது. விசிறிகள் ஓய்ந்தன.

வெளியே. உள்ளே.

ஹீட்டர் காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பழைய வீடு, எங்கிருந்தாவது காற்று வரும். ஆனால் அவன் கண் தானாகவே கட்டிலுக்குப் போனது. போர்வைக்கடியில் ரெனேயின் மார்பு இறங்கியது. காகிதம் உள்ளே போனது. அவள் மார்பு ஏறியது. காகிதம் வெளியே வந்தது. அவள் விடுவதை அது வாங்கிக்கொண்டது. அது விடுவதை அவள் வாங்கிக்கொண்டாள். ஒரே மூச்சை இருவர் பகிர்வதுபோல. ஆனால் பங்கு சமமாக இல்லை. அவளுடையது சிறியதாக இருந்தது.

"டாரின்," என்றாள் அவள்.

"சொல்லும்மா."

"கொஞ்சம்... இங்க வந்து உக்காரேன்."

"ஒரு நிமிஷம். இந்தச் சத்தத்தை மட்டும் கண்டுபிடிச்சுடறேன். உனக்காகத்தான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பிற்பகல் மூன்றரை மணியின் மங்கிய வெளிச்சத்தில், பனி விலக்கிய பாதையில் கோர்டி வந்தான். கையில் அவன் மனைவி இறைச்சியோடு சுட்டுச் செய்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ், துண்டு சுற்றி. பாத்திரத்தை அடுப்பின் மேல் வைத்துவிட்டு நேராகப் போய் ரெனேயின் கால்மாட்டில் உட்கார்ந்தான். கேட்காமலே அவள் பாதத்தைக் கையில் எடுத்துத் தேய்த்துவிட்டான்.

"ஐஸ் மாதிரி இருக்கே! உன் வீட்டுக்காரன் ஹீட்டர் காசை மிச்சம் பண்றானா? போன ஞாயிறு பிரசங்கத்துல பாதிரியாரே தூங்கிட்டார், தெரியுமா? நாங்க யாரும் எழுப்பல. எல்லாரும் மௌன ஜெபம்னு நினைச்சுச் சும்மா இருந்துட்டோம்."

ரெனேயின் உதடு கோணிச் சிரித்தது. பல நாட்களாக டாரின் பார்க்காத சிரிப்பு. பார்த்திருக்க முடியாது. அவன் முகம் பெட்டியின் பக்கமே இருந்தது.

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது கோர்டி குரலைத் தாழ்த்தினான். "ஏன்டா, அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு அவ பக்கத்துல ஒரு நாற்காலி போடேன். அதை விடச் சத்தமில்லாத மெஷின் எவனும் கட்டினதில்ல."

"உனக்குக் கேக்கலையா, கோர்டி? உள்ள ஒண்ணு மூச்சு விடுது."

கோர்டி நண்பனின் தோளைப் பிடித்தான். "நீ தூங்கி எவ்வளவு நாளாச்சு? காலையில வந்து நான் அவகூட இருக்கேன். நீ தூங்கு." கதவு சாத்திக்கொண்டது. குளிர் கொஞ்சம் உள்ளே வந்து நின்றது.

காலை வரை பொறுக்க டாரினால் முடியவில்லை. வீட்டிலிருக்கிற எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டால் தெரிந்துவிடும். அது ஹீட்டர் காற்றா, இல்லை வேறா.

ஐந்து நிமிடம்தான், குளிராது என்று நினைத்துக்கொண்டான்.

நிலவறைக்கு இறங்கி ஹீட்டரை அணைத்தான். குளிர்பெட்டியின் கம்பியைப் பிடுங்கினான். சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியை எடுத்தான். ஹீட்டரின் காற்றுக் குழாய்கள் ஆறும் டிக் டிக் ஓயும்வரை காத்து நின்றான். திரும்பி வரும்போது கட்டிலைக் கடந்துதான் வந்தான். ஜன்னலில் கடைசி வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கீழே உறைந்த ஏரி. எங்கும் வாகனம் இல்லை. பனி எல்லாவற்றின் மேலும் பஞ்சுபோல் ஒட்டியிருந்தது. அவன் பெட்டியின் முன் மண்டியிட்டு, காதைக் கறுப்புத் தகட்டில் வைத்தான்.

அமைதி. அவன் வாழ்நாளில் கேட்டிராத அமைதி.

அதற்குள் மூச்சு.

ஏறியது. தயங்கியது. இறங்கியது. ஹீட்டர் இல்லை. காற்று இல்லை. மூச்சுதான். முன்னைவிட ஆழமாக, நிதானமாக. நோயில்லாத மூச்சு. தகடு அவன் கன்னத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. நேற்றிலிருந்தே மின்சாரம் இல்லாத தகடு. அவன் தன் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டான். நெடுநேரம் கேட்டான். ஒவ்வொன்றாகக் கேட்டான்.

பிறகு புரிந்தது.

ஒன்றுதான் கேட்கிறது.

அறையில் ஒரே ஒரு மூச்சு.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரும்பாத வரைக்கும் அது நடந்திருக்காது.

"ரெனே?"

பதில் வர எப்போதும் நேரமாகும். காத்திருந்தான்.

திரும்பினான்.

போர்வை தரையில் கிடந்தது. அவள் முகம் அவன் பக்கம் சாய்ந்திருந்தது. உதடு கொஞ்சம் திறந்து, ஒரு பெயரின் முதல் எழுத்தில் நின்றுபோயிருந்தது. தவழ்ந்து போய்க் கையைப் பிடித்தான். கை இன்னும் முழுதாய்க் குளிரவில்லை. கால் குளிர்ந்திருந்தது. எப்போது போனாள்? அவன் நிலவறையில் இருந்தபோதா? அந்தத் தகட்டில் காதை வைத்திருந்தபோதா? கூப்பிட்டாளா?

"டாரின்."

கணீரென்ற குரல். சமையலறையிலிருந்து, நல்ல நாட்களில், கைநிறைய வேலையோடு அவள் கூப்பிடும் குரல்.

அவள் உதடு அசையவில்லை. அவன் கையிலிருந்த விரல்களும் அசையவில்லை. குரல் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"டாரின். மூச்சு முட்டுது."

பாய்ந்தான். திருகாணிகளை நகத்தால் பிய்த்தான். பக்கத் தகட்டைப் பிடுங்கி எறிந்தான். உள்ளே அலுமினியத் தகடுகள், கம்பிகள், அசையாத மூன்று விசிறிகள். உட்பக்கத்துப் பஞ்சில் நீர்த்துளிகள் படிந்திருந்தன, குளிர்கால ஜன்னலில் ஒருவர் வாயால் ஊதியதுபோல. மூச்சு இல்லை. குரல் இல்லை. எதுவும் இல்லை.

"ரெனே! வந்துடும்மா. திறந்துட்டேன், பாரு. வந்துடு."

அமைதி. அவன் கட்டிய அமைதி.

அழுதுகொண்டே தகட்டை எடுத்து மறுபடி பொருத்தினான். பஞ்சு விளிம்பில் அழுந்தி இறுகியது. உடனே உள்ளே மூச்சு திரும்பியது. தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவளைப்போல வேகமாக, திணறி.

"டாரின், ஏன் மூடற?"

திறந்தான். அவள் இல்லை.

மூடினான்.

"இருட்டா இருக்கு, டாரின்."

திறந்தால் போய்விடுகிறாள். மூடினால் திணறுகிறாள். ஜன்னலில் வெளிச்சம் அடங்கிவிட்டது. வீடு குளிர ஆரம்பித்திருந்தது. அவன் எழுந்து போய்ப் போர்வையை எடுத்து, கட்டிலில் கிடந்தவளின் பாதங்களை மூடி, ஓரத்தைச் செருகிவிட்டான். அந்தப் பாதங்களை அவன் இதுவரை அப்படித் தொட்டதில்லை. அங்கேயே இருந்துவிட வேண்டும் போலிருந்தது. நாற்காலி ஒன்றைப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, கோர்டி வரும்வரைக்கும்.

"டாரின்."

அறையின் அந்தப் பக்கம் போனான். தரையில் உட்கார்ந்து, பெட்டியை இரு கைகளாலும் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, தகடு கழன்றுவிடாதபடி தோளை அதன்மேல் சாய்த்துக்கொண்டான். உள்ளேயிருந்து அது அவன் விலா எலும்புகளை மெல்லத் தள்ளியது. தள்ளிவிட்டுத் தளர்ந்தது.

"மூச்சு முட்டுது, டாரின்."

"இருக்கேன்," என்றான். "இங்கதான் இருக்கேன்."

அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.