மூன்றாம் பாட்டில் கேட்ட சத்தம்

மூன்றாம் பாட்டில், இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில், தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. குணசுந்தரி சட்டென்று திரும்பிக் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தது. சத்தம் டேப்ரிக்கார்டருக்குள்ளிருந்து வந்திருந்தது.

காலை பத்து மணி. கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஸ்கெலட்டன் லைன் வீடுகளின் ஆண்கள் முதல் ஷிப்டுக்குத் தங்கச் சுரங்கத்தில் இறங்கி நாலு மணி நேரமாகியிருந்தது. வெளிச்சத்தம் நுழையக்கூடாதென்று அவள் ஜன்னலை மூடி, அதன்மேல் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தாள். தகரக் கூரை வெயிலில் நெளிந்து முனகியது. உள்ளே பட்டப்பகலில் இருட்டு. கம்பளியின் ஆட்டு வாடை, அம்மியில் அரைத்த மிளகாயின் நெடி, எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வந்து படிகிற, தங்கம் பிரித்த கழிவு கொட்டிய சயனைட் மேட்டுத் தூசி. அந்த இருட்டுக்குள் அவள் குரல் மட்டும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மெஷின் சின்னசாமியுடையது. ஆண்டர்சன்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஆடித் திருவிழாவில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, அவளே கட்டிய மூன்று பாட்டுகளைப் பதிந்து தரச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை அந்த டேப் ஸ்பூலை பெங்களூருக்கு, ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோவார்.

“பாடறது பெருசில்லம்மா,” என்று சொல்லியிருந்தார். “பாடனதத் திருப்பிக் கேக்கணும். ஒன் கொரலுக்கு நீயே எதிரியா ஒக்காந்து கேளு. எங்க கொற தெரியுதோ அங்க அழிச்சிட்டு மறுபடி பாடு.”

“சரிண்ணா,” என்றிருந்தாள். எதிரியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் காலண்டர் தாள், கையில் பென்சில். முதல் பாட்டு: ‘தாயே’வில் மூச்சு முட்டுது. இரண்டாவது: கடைசியில சுருதி எறங்குது. மூன்றாவதற்கு நேராகத் ‘தாழ்ப்பாள்’ என்று எழுதிவிட்டு, அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாழ்ப்பாளைக் கதவிடுக்கில் விரல் விட்டு வெளியிலிருந்தே நீக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவள் புருஷன் முனியப்பன். அவன் இப்போது பூமிக்கடியில், மரம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தான்.

மூன்றாம் பாட்டை அவள் யார் முன்னாலும் பாடியதில்லை. போன வருஷம் முனியப்பன் உதைத்த உதையில் ஆறு மாதப் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. அதற்காகக் கட்டிய பாட்டு. தூங்கவைக்கிற பாட்டல்ல.

*பொன்னும் வேணாம் பூவும் வேணாம்,*
*கண்ணத் தொறந்தாப் போதும் கண்ணே.*

ஸ்பூலைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி கேட்டாள். அதே இடத்தில் தாழ்ப்பாள். அதற்குப் பிறகு, முன்பு இல்லாத ஒன்று: பூட்ஸ் காலடி. இரண்டே எட்டு. வலது கால் லேசாக இழுத்துவைத்தது. ஒன்பது வருஷமாக அந்த இழுப்பை அவள் வயிறு முதலில் கேட்கும், காது அப்புறம்தான் கேட்கும். முனியப்பனின் நடை.

பழைய ஸ்பூலாக இருக்கும், யாரோ பதிந்த நாடகம் அடியில் தங்கியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அழித்துவிட்டு மறுபடி பாடினாள். போட்டுக் கேட்டாள். சுருதி இந்தத் தடவை சுத்தமாக இருந்தது. நல்லாத்தான் வந்திருக்கு என்று பென்சிலை எடுத்தபோது தாழ்ப்பாள் விலகியது. இரண்டு எட்டு. அப்புறம் ஓர் அடி. பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைத்ததுபோல், ஈரமான அடி. அதைத் தொடர்ந்து பாதியில் அறுந்த ஒரு முனகல்.

அதையும் அழித்துவிட்டு மூன்றாம் முறை பாடினாள். கேட்கும்போது எண்ணினாள். ஒன்று. இரண்டு. நான்காவதில் முனகல் நின்றுவிட்டது. ஏழாவது அடி வெறுந்தரையில் விழுந்ததுபோல் கேட்டது. அவ்வளவுக்கும் மேலே அவளுடைய குரல், ஒரு பிசிறு இல்லாமல், பாடிக்கொண்டே போனது.

என் சாவு. இது என் சாவு.

எழுந்தாள். மெஷினைத் துணிப்பைக்குள் திணித்தாள். அதைச் சின்னசாமியிடம் போட்டுவிட்டு, அப்படியே மாரிகுப்பத்தில் ரயிலேறி ஆம்பூரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விடலாம். மாற்றுப் புடவை ஒன்று போதும். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

பூமி ஒரு தரம் தூக்கிப் போட்டது.

அலமாரியிலிருந்து பாத்திரங்கள் கொட்டின. தகரக் கூரை தடதடத்தது. கீழே, எங்கோ ஆழத்தில், மலை ஒன்று புரண்டு படுப்பதுபோல ஓர் உறுமல் ஓடி அடங்கியது. லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டு ரத்தினம்மா கதவை அறைந்தாள்.

“குணா! ஏர்பிளாஸ்டுடி! கீழ பாற வெடிச்சிருச்சு! எந்த லெவல்னு தெரியல! ஷாஃப்டு வாயாண்ட ஓடியா!”

வெறுங்கால்கள் ஓடுகிற சத்தம். பெண்களின் ஓலம். பிறகு லைனே காலியாகி ஓய்ந்தது. குணசுந்தரி கதவைத் திறக்கவில்லை. அவள் நெஞ்சில் ஒரே ஒரு எண்ணம், கூழாங்கல்லைப்போலக் குளிர்ந்து கிடந்தது. அவன் உள்ளயே போய்ச் சேரட்டும்.

உட்கார்ந்தாள். நேரம் போனது. ஷாஃப்ட் பக்கமிருந்து யாரும் திரும்பி வரவில்லை. வராத ஒவ்வொரு நிமிஷமும் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கியது. அவன் போயிருந்தால் எந்தத் தாழ்ப்பாளும் விலகாது. எந்த ரயிலும் ஏற வேண்டாம். பாட்டை முடிக்கலாம். மெஷினைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். ஸ்பூல் சுழன்றது. கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறந்ததிலிருந்து அப்படி அவள் பாடியதில்லை. மூச்சு தானாக வந்தது. முதல் சரணம். இரண்டாவது.

தாழ்ப்பாள் விலகியது.

இரண்டு எட்டு. வலது கால் இழுத்தது.

கண்ணைத் திறந்தாள். வாசல் வெளிச்சத்தில் முனியப்பன் நின்றான். தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறக் கல்தூசி. நெற்றி கிழிந்து ரத்தம் தூசியில் கோடு போட்டிருந்தது. அவன் அவளைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான்.

“மூணு பேர இழுத்துப் போட்டுட்டு வரேன்,” என்றான், மெதுவாக. “நான் செத்தேனா பொழச்சேனான்னு வந்து பாக்காம, பாடிக்கினு கீறியா?”

அவள் நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பாட்டின் அடுத்த அடி தானாக வந்தது, சுருதி பிசகாமல்.

“நிறுத்துடி.”

பாடினாள்.

இடுப்பு பெல்ட்டைப் பிடுங்கிக் கையில் சுற்றினான். முதல் வீச்சு கன்னத்தில் விழுந்தது. பல் ஒன்று நாக்கில் உருண்டது. வாய் உப்புக் கரித்தது. ரத்தத்தோடு பாட்டு வழிந்தது. “இன்னாடி உனுக்கு?” என்றபோது அவன் குரலில் அவள் ஒருநாளும் கேட்டிராத ஒன்று இருந்தது. பயம். கூந்தலைப் பற்றி அம்மிப் பக்கமாக இழுத்துத் தள்ளினான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அடி.

ஒன்று. இரண்டு. பாதியில் அறுந்த முனகல்.

மூன்று.

வலிக்கவில்லை. ஏன் வலிக்கவில்லை?

நான்கு. ஐந்து. முகத்தில் ஏதோ சுடச்சுடத் தெறித்தது.

ஆறு.

ஏழு. கல் தரையில் பட்ட அதிர்ச்சி, மணிக்கட்டு வழியாகத் தோள்வரை ஏறியது. அவளுடைய தோளில்.

கண்ணைத் திறந்தாள்.

இரண்டு கையிலும் அம்மிக்குழவி. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. முழங்கைவரை சிவப்பு. காலடியில் முனியப்பன் மல்லாந்து கிடந்தான். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. வாசலுக்கு அந்தப் பக்கம், ஷாஃப்டிலிருந்து திரும்பிய ரத்தினம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

குணசுந்தரி உதடுகளை மூடப் பார்த்தாள். சேரவில்லை. *கண்ணத் தொறந்தாப் போதும் கண்ணே.*

தரையில், விரிந்து கிடந்த அவனது வலது கையில், ஆள்காட்டி விரல் மட்டும் உயர்ந்தது. விழுந்தது. மறுபடி உயர்ந்தது. விழுந்தது.

ரத்தத்தில் தட்டித் தட்டி, ஓர் அட்சரம் பிசகாமல், அது தாளம் போட்டுக்கொண்டிருந்தது.