இடது பக்கம் நாலு கிலோ

இடது பக்கம் நாலு கிலோ கூடுதலாகக் காட்டியது.

வேறு எந்தக் காரிலும் நாலு கிலோ என்பது பின்சீட்டில் மறந்துபோன உருளைக்கிழங்குப் பை. மால்கம் பிர்கெட்டின் காரில் பின்சீட்டே கிடையாது. கதவும் கூரையும் கிடையாது. முன்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு. பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய இரும்புக் குழாய்களையும் அலுமினியத் தகடுகளையும், எவரோ எங்கோ மோதி நசுக்கிய ஒரு குடும்பக் காரின் இன்ஜினையும் வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் ஸ்பால்டிங் என்ற ஊருக்கு வெளியே முட்டைக்கோஸ் வயல்களைப் பார்த்த வீட்டின் ஷெட்டில் மூன்று வருடம் குனிந்து நிமிர்ந்து அவரே மாட்டிச் சேர்த்த கார் அது. வேலை முடிந்தபோது பதினோரு நட்டுகள் மிச்சமிருந்தன. அவ்வளவு எடை லாபம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. ஹீட்டரைப் பிடுங்கினார். காலடி விரிப்பை எடுத்தார். கைப்பிரேக் கம்பியில் வரிசையாகத் துளை போட்டுப் புல்லாங்குழல் ஆக்கினார். காரணம் கோப்பை. இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்பில், நவம்பர் கடைசி ஞாயிறன்று ஒவ்வொரு காரையும் சொந்தக்காரர் உட்கார்ந்திருக்க எடை போட்டு, ஆகக் குறைந்ததற்கு இறகு ஒட்டிய ஒரு தகரக் கோப்பை தருவார்கள். சென்ற வருடம் இரண்டு கிலோ வித்தியாசத்தில் அது டெஸ்மண்ட் என்கிற பிளம்பரிடம் போனது. சாலைத் துறையில் துணை மேலாளரான மால்கம், ஊர்க் குழிகளைப் பற்றி நாற்பது பக்க அறிக்கை எழுதுகிறவர், ஒரு பிளம்பரிடம் தோற்றார்.

ஆகவே அக்டோபரின் முதல் சனிக்கிழமைக் காலை. நாலு சக்கரத்துக்கும் கீழே கிளப்பிலிருந்து வாங்கி வந்த நாலு எடைப் பலகைகள். பின்னால் முக்காலியில் எடை காட்டும் பெட்டியோடும் தேநீர்க் கோப்பையோடும் அவர் மனைவி வெண்டி. டிரைவர் சீட்டில் மால்கம்.

"மறுபடி படி."

"மொத்தம் ஐந்நூத்தித் தொண்ணூத்தி நாலு. கார் ஐந்நூத்திப் பன்னெண்டு, நீ எண்பத்தி ரெண்டு. அது சரி. ஆனா வலது பக்கம் நாலு குறையுது, இடது பக்கம் நாலு ஏறியிருக்கு."

"நீ சரியாப் பாத்தியா?"

"முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவகிட்ட நம்பர் படிக்கத் தெரியுமான்னு கேக்கற. சரிதான்."

பலகைகளை மாற்றிப் போட்டார்கள். அதே நாலு. மால்கம் இடது சீட்டுக்குக் கீழே கைவிட்டுத் தடவினார். சேறு இல்லை, மழைத்தண்ணீர் இல்லை. காலி சீட்டின் பெல்ட் மட்டும், நேற்று அவர் மாட்டி இறுக்கியிருந்ததைவிடத் தளர்ந்து, சீட்டை விட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது.

"எத்தனை தடவை சொல்றது வெண்டி? காலி சீட்டு பெல்ட்டை மாட்டி, முதுகோட ஒட்டற மாதிரி இழுத்து வைக்கணும். இல்லன்னா காத்துல பறந்து ஆளை அடிக்கும்."

"நான் அந்தப் பக்கமே வரல. ஒரு தடவை வந்து என் ஸ்கார்ஃபைக் கால்வாய்க்குக் குடுத்தது போதும்."

அவரே இழுத்து இறுக்கினார். குளியலறையில் போய் எடை மெஷினில் ஏறி நின்றார். எழுபத்தெட்டு. நாலு கிலோ இளைத்திருக்கிறார்! வயிற்றைத் தடவிப் பார்த்தார். கால்சட்டை அதே இறுக்கம்தான். இளைப்பு முதலில் உள்ளே நடக்கும் போலிருக்கிறது என்று சந்தோஷமாக முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது புலரும்போது ஓட்டுவார். அந்த நேரத்தில்தான் டிராக்டர் இராது. சமதரையில் கோடு கிழித்த மாதிரி ஒரு சாலை, இருபுறமும் கறுத்த தண்ணீரோடு ஆழமான வாய்க்கால், அழுகிய முட்டைக்கோஸும் சேறும் சூடான எண்ணெயும் கலந்த வாடை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அவர் பிட்டம், காதுக்குப் பக்கத்தில் கரகரக்கும் புகைக்குழாய், முகத்தில் ஊசியாகக் குத்தும் பனி. இதற்குப் பெயர் சுகம் என்று கிளப்பில் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று கார் லேசாக இடது வாய்க்காலைப் பார்த்தே இழுத்தது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருந்தது. எதிரே டெஸ்மண்ட் தன் மஞ்சள் காரில் வந்தான். வழக்கம்போல ஸ்டீயரிங்கை விடாமல் இரண்டு விரலைத் தூக்கினான். பிறகு இன்னொரு தரமும் தூக்கினான்.

மதியம் பப்பில் கேட்டான்.

"யாரு தலைவரே கூட வந்தது? அண்ணனா?"

"எனக்கு அண்ணனே கிடையாது."

"உங்களை மாதிரியேதான் இருந்தாரு. கொஞ்சம் மங்கலா. கண்ணாடியைத் தொடைக்கணும் போல."

"உன் கார்ல கண்ணாடியே இல்லையே டெஸ்."

"அப்ப கண்ணைத் தொடைக்கணும்." சிரித்தான். "இளைச்சுட்டீங்கன்னு வெண்டி சொன்னாங்க. கெட்டிக்காரர்தான். ஓட்டறவன் வயித்தைக் குறைக்கறதைவிட மலிவு எதுவும் இல்ல. எங்களுக்குத்தான் பியரை விட மனசு வரல."

எல்லோரும் கைதட்டினார்கள். மால்கம் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை எழுபத்து மூன்று. அதற்கடுத்தது அறுபத்தைந்து. கால்சட்டை தளரவில்லை, கன்னம் ஒட்டவில்லை. ஆனால் முப்பது வருடமாக முனகிய மூன்றாவது படி அவர் ஏறும்போது முனகவில்லை. அலுவலகத்துத் தானியங்கிக் கதவு அவருக்குத் திறக்காமல், பின்னால் வந்த டைப்பிஸ்டுக்குத் திறந்தது. கூட்டத்தில் அவர் பேசியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை; அது மட்டும் புதிதல்ல. மருத்துவமனையில் நர்ஸ் மெஷினைப் பார்த்தாள், அவர் தொந்தியைப் பார்த்தாள், மெஷின் மேல் 'பழுது' என்று காகிதம் ஒட்டிவிட்டாள்.

வெண்டிதான் நோட்டை அவர் முன் விரித்துப் போட்டாள்.

"மொத்தம் ஒரு தடவைகூட மாறல. எப்பவும் ஐந்நூத்தித் தொண்ணூத்தி நாலு. உங்கிட்ட எவ்வளவு குறையுதோ அவ்வளவு இடது பக்கம் ஏறுது."

"அளவுக் கோளாறு."

"நேத்து நீ ஆபீஸ் போனப்புறம் காரை மட்டும் வச்சுப் பாத்தேன். ஐந்நூத்தி இருபத்தொம்பது. பதினேழு கிலோ சும்மா உக்காந்திருக்கு மால்கம். வெறும் சீட்டுல."

அவர் நோட்டை மூடினார்.

"காலையில கண்ணு முழிச்சா நீ பக்கத்துல படுத்திருக்கறதே தெரிய மாட்டேங்குது. மெத்தை அமுங்கவே இல்ல. பயமா இருக்கு. வித்துடு அதை."

"கோப்பை முடியட்டும்."

இந்தப் பதிலைச் சொன்னபோது தன் குரல் எவ்வளவு மெல்லிசாக இருந்தது என்பதை மால்கம் கவனித்தார். அன்றிலிருந்து காரை ஓட்டவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, ஷெட்டைப் பூட்டி, சாவியை வெண்டியிடம் கொடுத்தார். எடை இறங்குவது நிற்கவில்லை. ஐம்பத்தொன்று. நாற்பத்திரண்டு. வாசலில் காற்றடித்தபோது வேலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைக்காரி அவருக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டுமென்று கேட்டாள். டெஸ்மண்ட் எடைப் பலகைகளை ஒருமுறை சரிபார்க்க வந்தவன், நடையில் அவரை உரசிக்கொண்டு போய், வெண்டி திறந்துவிட்ட ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "என்ன தலைவரே, தார்ப்பாயைப் போத்திக்கிட்டு உள்ள உக்காந்து என்ன யோசனை?" என்றான்.

மால்கம் அவனுக்குப் பின்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

தார்ப்பாய் இடது பக்கத்தில் புடைத்திருந்தது. தோள் உயரத்துக்கு.

நவம்பர் கடைசி ஞாயிறு. விடிந்து கால்மணி நேரம். வாய்க்காலிலிருந்து எழுந்த பனி முற்றத்தைத் தாண்டி ஷெட்டின் வாசல்வரை வந்து நின்றது. குளியலறை மெஷின் இருபது காட்டியது. ஒரு வாரம் விட்டால் மெஷினில் ஏறுவதற்கு யாரும் இருக்கப்போவதில்லை. அது அவருக்குத் தெரிந்தது, வெண்டிக்கும் தெரிந்தது; அவள் தேநீர்கூடப் போடவில்லை.

மால்கம் நிறைய யோசித்துவிட்டார். குழி விழுந்தால் மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று பார்த்து அங்கிருந்து அள்ளிவர வேண்டும். எடை போன இடத்தில் போய் உட்கார்ந்தால் எடை திரும்ப வரும்.

"அங்க போய் உக்காராத. எனக்குப் பிடிக்கல."

"வேற வழி சொல்லு."

வெண்டி முக்காலியில் போய் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் தார்ப்பாயை இழுத்தார். சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டியிருந்த பெல்ட் சீட்டோடு ஒட்டாமல், தொங்காமல், அகலமான ஒரு மார்பின் மேல் படிந்திருப்பது போல அந்தரத்தில் வளைந்து நின்றது. மெல்ல முன்னால் வந்தது. மெல்ல பின்னால் போனது. மூச்சு. அவருடைய ஷேவிங் லோஷனின் வாசனை.

கொக்கியை விடுவித்தார். வார்கள் சரிந்து விழுந்தன. காலைத் தூக்கிப் போட்டு, இடது சீட்டில் இறங்கினார்.

சீட் சூடாக இருந்தது.

காத்திருந்தார். ஷெட்டின் கூரைத் தகட்டிலிருந்து பனி சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று. காலில் ஏதாவது ஊறுகிறதா? கையில்? ஒன்றும் இல்லை. இருந்ததும் இல்லை. முழங்கால் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

பின்னால் வெண்டி கத்தினாள். சந்தோஷக் கத்தல்.

"மால்கம்! வந்துடுச்சு! இடது பக்கம் கூடுதல் ஒண்ணுமே இல்ல! வலது பக்கம் முழுசா ஏறிடுச்சு. காரைக் கட்டி முடிச்சப்போ எழுதி வச்சோமே, அதே நம்பர்!"

வலது பக்கம்.

அங்கே யாரும் உட்காரவில்லையே.

அவள் ஓடி வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். இடது பக்கம் வரவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். குனிந்தாள். இரண்டு கையாலும் ஒரு முகத்தைப் பிடித்தாள்.

"கன்னத்துல ரத்தம் வந்துடுச்சு பாரு. கனமா இருக்கே. கடவுளே, கனமா இருக்கே நீ."

மால்கம் திரும்பினார்.

ஸ்டீயரிங் மேல் விரல்கள். மோதிரம். அவருடைய பச்சை ஜாக்கெட். நேற்று தாடையில் பிளேடு பட்ட அதே கீறல், இதில் ரத்தம் புதிதாக.

"வெண்டி, நான் இங்க இருக்கேன்."

அந்த மனிதனின் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. வெண்டியின் வாயிலிருந்தும் வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை.

"வெண்டி."

"பலகையெல்லாம் எடுத்துடும்மா," என்றது அவருடைய குரல், அலுவலகக் கூட்டத்தில் பேசும் அதே கனத்தோடு. "டெஸ் காத்துட்டிருப்பான்."

"இன்னைக்குப் போகத்தான் வேணுமா?"

"ஒரு பிளம்பருக்கு விட்டுக்குடுக்கச் சொல்றியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கார் ஓரடி உருண்டு இறங்கியதும் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரம் வைத்தாள். இன்ஜின் உறுமியது. தகடுகள் நடுங்கின. இடது சீட்டும் நடுங்கியது. மால்கமுக்கு அது எட்டவில்லை.

கிளம்புவதற்கு முன் அந்த மனிதன் நிதானமாக இடது பக்கம் சாய்ந்தான். அவர் முகத்துக்கு நேரே முகம். கண்கள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த சீட்டைப் பார்த்தன. விழுந்து கிடந்த வார்களை எடுத்தான். கொக்கியை மாட்டினான்.

"காலி சீட்டு பெல்ட் தொங்கக் கூடாது," என்றான் வெண்டியிடம்.

இழுத்தான். வார் மார்பில் பட்டது. நிற்கவில்லை. மறுபடி இழுத்தான். இன்னும். இன்னும்.

கார் பனிக்குள் போனது. வெண்டி வாசலில் நின்று கையசைத்தாள். டிரைவர் சீட்டிலிருந்து ஒரு பச்சைக் கை உயர்ந்து பதிலுக்கு அசைந்தது. பக்கத்தில், சீட்டின் முதுகோடு முதுகாக, விரல் நுழைய இடமின்றித் தட்டையாக ஒட்டிக் கிடந்தது பெல்ட். அவ்வளவு காற்றிலும் அது துளிகூடப் படபடக்கவில்லை.