குனிந்தபோது நிமிர்ந்த கண்

வைக்கோலுக்குக் குனிந்த ஆடுகளில் ஒன்றின் கண் சரியாக இல்லை.

யஞ்சிமா குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பட்டிக்குள் சாணச் சூடும் நனைந்த கம்பளி வாடையும் கலந்து கிடக்க, மேலே கூரையை உரசிக்கொண்டு பனிக்காற்று சீறியது. ஆட்டின் கருமணி படுத்த கோடு. தலையைத் தூக்கினாலும் தாழ்த்தினாலும் கண் குழிக்குள் சுழன்று, அந்தக் கோடு தரையோடு தரையாகவே கிடக்கும். மேயும்போதும் எந்தப் பக்கமிருந்து எது வருகிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் ஓரமாக நின்ற வெள்ளை ஆடு குனிந்ததும் கோடு செங்குத்தாக நின்றது. புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும் நரிக்குத்தான் அப்படி இருக்கும்.

கணவன் இறந்த பிறகு வரும் முதல் குளிர்காலம் இது. பேச ஆளில்லாமல் சில நாள் அடுப்போடு பேசியிருக்கிறாள். அதனால் தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். கூடாரத்துக்குத் திரும்பி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கொழுந்தன் லுவ்சானைப் போனில் அழைத்தாள்.

“ஆட்டுக் கண்ணு நட்டுக்க நிக்குதா? தனியா இருந்து இருந்து ஆட்டையே உத்து உத்துப் பாக்குறீங்க அண்ணி.”

“கேலி பண்ணாத லுவ்சான். அது வைக்கோலத் தொடல. என்னையே பாக்குது.”

அவன் குரலில் கேலி போயிற்று. “டீ போட்டு வைங்க. பைக்க எடுத்துட்டு வரேன்.”

“இந்தப் பனியிலயா?”

“நீங்க பயந்து நான் பாத்ததில்ல. அதான்.”

உப்புப் போட்ட பால் டீ கொதித்தது. வெளியே காற்று ஓய்ந்தது. அப்போதுதான் கவனித்தாள், பட்டியில் சத்தமே இல்லை. ஒரு கத்தல் இல்லை. ஒரு குளம்பொலி இல்லை.

விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆடுகளெல்லாம் பின்சுவரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. படல் திறந்து கிடந்தது. வெள்ளை ஆடு இல்லை.

வாசலிலிருந்து பனியில் ஒரு தடம். வயிற்றால் ஊர்ந்த தடம். அது ஆற்றுப் பாதைக்குப் போனது.

அந்தப் பாதையில்தான் பைக்கின் விளக்கு ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது.

“வராத லுவ்சான். திரும்பிப் போ.” தொண்டை கிழியக் கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு என்ன கேட்டிருக்கும்.

விளக்கு சாய்ந்தது. எஞ்சின் உறுமியது. நின்றது.

“லுவ்சான்?”

பனி நொறுங்கும் ஓசை. மெதுவாக. நெருங்கி.

வெள்ளை ஆடு அவள் விளக்கொளிக்குள் வந்து நின்றது. மூக்கிலிருந்து மார்பு வரை ஈரம். கருஞ்சிவப்பு. அதிலிருந்து ஆவி எழுந்தது. இப்போது அது பதுங்கவில்லை. நான்கு காலில் நிமிர்ந்து நின்றது.

கண்ணில் கோடு இல்லை. வட்டம். ஓநாய்க்கு இருப்பது போல. மனிதனுக்கு இருப்பது போல. துரத்திப் பிடிப்பவற்றின் கண்.

அவளைப் பார்த்தது.

பிறகு ஓடி வரத் தொடங்கியது.