சக்கரத்தில் சிக்கிய முந்தானை

"நிறுத்துங்க... அய்யோ, நிறுத்துங்கன்னு சொல்றேனில்ல!"

அமிர்தவள்ளி போட்ட சத்தத்தில் ஆம்பூர் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. ஐப்பசித் தூறல். காற்றில் பறந்த அவளுடைய முந்தானை, பக்கத்தில் போன சைக்கிளின் பின்சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. சைக்கிள்காரன் குதித்து இறங்குவதற்குள் 'டர்'... ஒரு முழம் கிழிந்தே போயிற்று.

"இன்னாங்க, கண்ணு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா?"

"கண்ணு முன்னாடிதாங்க... சக்கரந்தான் பின்னாடி இருக்குது" என்றான் அவன் பாவமாக.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவன் மழையில் குந்தி, சக்கரத்தைப் பின்பக்கமாக மெல்ல மெல்லச் சுற்றிப் புடவையை விடுவித்தான். கடைசிச் சுற்றில் நிமிர்ந்து பார்த்தான். இமை நுனியில் மழைத்துளியோடு இரண்டு பெரிய கண்கள்... அவள் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது. ஆனால் லேசில் ஒப்புக்கொள்கிற ரகமா அவள்? முகத்தைத் திருப்பிக்கொண்டு விருட்டென்று போய்விட்டாள்.

அவன் பெயர் சம்பத். தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தா. சரக்குப் பார்க்க வரும் துரைகளோடு மடமடவென்று இங்கிலீஷ் பேசுகிறவன். அமிர்தவள்ளியின் அப்பா பச்சையப்பன் அதே ஷாப்பில் மேஸ்திரி. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டவனை அவர் சும்மா விடவில்லை.

"பொடவை கெடக்கட்டும் தம்பி. எம்மவ மருத்துவச்சிப் படிப்புக்குப் பரீட்சைக்குப் போறா. நாலு இங்கிலீஷ் பதில் சொல்லிக் குடுங்க, அது போதும்."

படிப்பு வேலூரில். படித்து முடித்தால் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும். அதனால் பரீட்சை வைக்கும் துரைசானி எப்போதும் சைக்கிளைப் பற்றித்தான் பேசச் சொல்வாள், அதுவும் இங்கிலீஷில். ஆம்பூருக்கு ஒரே ஓர் இடம். அமிர்தவள்ளி இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதுவாள்; பேசு என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த இடம் தவறினால் தை மாதம் மாதனூர் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அவளுக்கு அத்தை மகனும் வேண்டாம், அவன் முறுக்கு மீசையும் வேண்டாம். வேலூர் வேண்டும்.

சாயங்காலப் பாடம் ஆரம்பமாயிற்று. பச்சையப்பன் ஒரு பக்கம் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் தலையாட்டுவார்.

"உனக்கு சைக்கிள் பிடிக்குமா?" என்று துரைசானி மாதிரி இங்கிலீஷில் கேட்டான் சம்பத்.

"எஸ்... சைக்கிளுக்கு ரெண்டு சக்கரம். ஒரு மணி."

"இத எங்க ஷாப்புல ஊறுற எருமத்தோலே சொல்லுமே! மொதல்ல பதில் சொல்லணும். அப்புறம் ஏன்னு காரணம். அப்புறம் உங்களுக்கே நடந்தது ஒண்ணு. மூணும் சேர்ந்தாத்தான் பேச்சு."

"எனக்கு நடந்தது ஒண்ணே ஒண்ணுதான்... நீங்க பொடவையக் கிழிச்சது."

"அதையே சொல்லுங்களேன்."

"ஐயய்ய... வெக்கமா இருக்காது?"

அவன் சிரித்தான். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அவன் வாயில் அந்தப் பெயர் வரும்வரை.

"செண்பகம் சிஸ்டர் பேசிக் கேக்கணும் நீங்க..." ஊர் டிஸ்பென்சரி நர்ஸ் செண்பகம். ஆம்பூரில் சைக்கிள் ஓட்டும் ஒரே பெண். "மழையிலகூட சும்மா பறப்பாங்க."

அமிர்தவள்ளிக்குக் காது மடல் சுட்டது. மறுநாளும் செண்பகம் சிஸ்டர். அதற்கு மறுநாளும். 'பறக்கட்டுமே... நான் என்ன கேட்டேனா?' ராத்திரி கிழிந்த புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியில் நூலைக் கோத்தாள். தைக்க மனம் வரவில்லை. அப்படியே மடித்து வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமைதான் வினை. பாலாற்றங்கரைப் பக்கம் போனவள் மரத்தடியிலேயே நின்றுவிட்டாள். செண்பகம் ஒரு லேடீஸ் சைக்கிளில் சிரித்துக்கொண்டே போகிறாள். பின்னால் சம்பத் மூச்சிரைக்க ஓடுகிறான். அவன் கண் சாலையைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்க்கவில்லை... செண்பகத்தின் முந்தானையைத்தான் பார்த்தது! அதை விட்டு அசையவேயில்லை!

"இன்னும் கொஞ்சம் தொங்க விடுங்க சிஸ்டர்!" என்று கத்துகிறான் வேறு.

அமிர்தவள்ளிக்கு வயிறு பற்றி எரிந்தது. அழுகையா, ஆத்திரமா... இரண்டும்தான்.

அதற்குப் பிறகு பாடம் இல்லை. "தலைவலின்னு சொல்லுங்கப்பா" என்று உள்ளே படுத்துக்கொண்டாள். வெளியே சைக்கிள் மணி ஒருமுறை தயங்கி அடிக்கும். அப்புறம் தெருவோடு போய்விடும். அது போகும் திசையிலேயே அவள் காது இருக்கும்.

பரீட்சை டிஸ்பென்சரியில் நடந்தது. வாசலில் நின்று பெயர் கூப்பிட்டது யார்? செண்பகமேதான். அமிர்தவள்ளி நிமிர்ந்தும் பார்க்காமல் உள்ளே போனாள்.

வெள்ளை முடி துரைசானி புன்னகையோடு கேட்டாள், சைக்கிள் பிடிக்குமா என்று.

பதில் நாக்கில் தயாராக இருந்தது. 'பிடிக்கும். ஏனென்றால் கிராமத்துக்குச் சீக்கிரம் போகலாம்...' அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே கண் போயிற்று. அதே லேடீஸ் சைக்கிளைப் பிடித்தபடி சம்பத். பக்கத்தில் செண்பகம். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது!

"நோ!" என்றாள் அமிர்தவள்ளி.

துரைசானி புருவத்தை உயர்த்தினாள். அவ்வளவுதான், மடை உடைந்தது. இலக்கணம் இடறியது, வார்த்தை நிற்கவில்லை. எனக்கு சைக்கிளைக் கண்டாலே ஆகாது. ஏனென்றால் அது ஒரு மனுஷனைக் கொண்டுவந்து நம் எதிரே நிறுத்தும்; அதுவே அவனை வேறொருத்தி பின்னால் ஓடவும் வைக்கும். ஒரு மழை நாளில் என் புடவையை ஒரு சைக்கிள் கிழித்தது. அந்தக் கிழிசலை நான் இன்னும் தைக்கவில்லை. தைத்தால் அந்த நாள் போய்விடுமோ என்று பயம்... அந்த மனுஷனோ இப்போது இன்னொருத்தியின் முந்தானையைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்!

"அப்படியானால் கிராமத்துக்கு எப்படிப் போவாய்?"

"சைக்கிளில்தான். திட்டிக்கொண்டே ஓட்டுவேன். பிரசவ வலியில் துடிக்கிறவளுக்கு என் பொறாமை எதற்கு?"

துரைசானி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காலையிலிருந்து எல்லோரும் ஒப்பித்தார்கள், நீதான் பேசினாய் என்றாள். வேலூர் இடம் அவளுக்குத்தான்.

சந்தோஷப்படக்கூட நேரமில்லை. அப்போதுதான் உறைத்தது... ஜன்னல் திறந்தல்லவா இருந்தது! வெளியே சம்பத் முகமெல்லாம் சிவந்து நின்றான். அமிர்தவள்ளி தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமாய் நடந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவனும் பின்னாலேயே வந்தான்.

"கொஞ்சம் நில்லுங்க. இந்தப் பின்சக்கரத்தப் பாருங்க, போதும்."

பார்த்தாள். கம்பிகள் தெரியாமல் இரண்டு பக்கமும் மெல்லிய ஆட்டுத்தோலை வளைத்துத் தைத்து மறைப்புப் போட்டிருந்தது.

"நீங்க ஓட்டத்தான் இது. இனிமே உங்க முந்தானை எந்தச் சக்கரத்துலயும் சிக்கக் கூடாது. தோலு உங்கப்பாதான் பொறுக்கிக் குடுத்தாரு. ரகசியமா வெச்சிருக்கச் சொன்னேன். மாட்டுதா இல்லியான்னு பொடவை கட்டினவங்க யாராச்சும் ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்? சிஸ்டர விட்டா ஊர்ல யாரு ஓட்டுவா?"

"அவன் பேச்சக் கேட்டு என் நல்ல பொடவைய அழுக்காக்கிக்கினேன்மா!" என்றாள் வாசலிலிருந்து செண்பகம். "எனக்கு இந்தப் பேஜாரு தேவையா?"

அமிர்தவள்ளிக்கு நிலத்தில் புதைந்துபோகலாம் போல இருந்தது. தூறல் மறுபடி ஆரம்பித்தது. இருவரும் நகரவில்லை.

"சரி... இப்ப நான் கேக்குறேன். என்னப் புடிச்சிருக்கா? நீங்க பதில் சொல்லுங்க" என்றாள் தரையைப் பார்த்து. "பதில், காரணம், நடந்தது. மூணும் வேணும்."

சம்பத்துக்கு இங்கிலீஷ் மறந்தது. தமிழும் பாதி மறந்தது.

"புடிச்சிருக்கு... ரொம்பப் புடிச்சிருக்கு. காரணம் தெரியல. நடந்தது... அன்னிக்குக் கிழிஞ்ச துண்டு ஒண்ணு என் சக்கரத்துலயே நின்னுபோச்சு. எடுத்துப் போட மனசு வரல. இன்னும் என் சட்டைப் பையிலதான் இருக்குது."

அவள் கண் நிறைந்தது. மழையா, கண்ணீரா... அவனுக்குத் தெரிந்தது.

"வேலூருக்குப் போறதுக்குள்ள எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க" என்றாள் மெல்ல. "நானும் உங்க மேல ஆசைப்பட்டுத்தான் பொறாமையில எரிஞ்சேன்... அதனால சொல்றேன். பின்னாடி ஓடி வரும்போது என் முந்தானைய மட்டுந்தான் பாக்கணும். ஆமா!"