பால் மணக்கும் பவழம்

பவழத்தில் பால் மணம் அடித்தது. திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் கருவாட்டுக் கூடைக்கும் மிளகுச் சாக்குக்கும் நடுவே வாங்கியபோது வடிவாம்பாளுக்கு அது தெரியவில்லை. ஸ்ரீவராகத்து நாத்தனார் வீட்டில், மழைக்குச் சாத்திய ஜன்னலடியில் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் திரிந்த பாலின் புளித்த வாடை முகத்தில் ஏறியது.

"கழுவி விக்கக்கூடத் துப்பில்லாத மூதி!" என்று முகத்தைச் சுளித்தாள்.

கணவர் கோமதிநாயகம் ஜவுளி விஷயமாக எந்த ஊருக்குப் போனாலும் அவளும் கிளம்பிவிடுவாள். அவருக்குத் துணையாக அல்ல. அந்தந்த ஊர்ச் சந்தையில் பழைய மணி தேடுவதற்கு. மதுரையில் பளிங்கு, கொச்சியில் கண்ணாடி மணி, நாகர்கோவிலில் யானைத் தந்தம். விற்பவர்கள் அத்தனை பேரும் மடையர்கள் என்பது அவள் ஊர் ஊராக அலைந்து கண்டுபிடித்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமான மறுவருஷம் திருவனந்தபுரம் வந்தபோது அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. பழைய சாமான் விற்கும் ரத்னாபாய் பேரமே பேசவில்லை.

"அம்மா, இது பெட்டியில வெச்சா மதி, அது போதும். கழுத்துக்கு வேண்டா."

"என் கழுத்துக்கு நீயா நாட்டாமை? குடுக்கியா, மாட்டியா?"

கொடுத்த காசை வாங்கிக்கொண்ட ரத்னாபாய், செம்பிலிருந்து நீர் வார்த்து இரண்டு கைகளையும் முழங்கைவரை கழுவினாள். விலை தெரியாத ஜென்மம் என்று வடிவாம்பாள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

இப்போது மஞ்சள் சரட்டில் தாலியோடு அந்தப் பவழங்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பகவதியம்மாள் பூக்கூடையும் தேங்காயுமாக வாசற்படியில் நின்றாள்.

"ஏளா வடிவு, கடைப் பவழத்தையா தாலியில கோக்கே? யாரு கழுத்துல கெடந்ததோ!"

"மதினிக்குப் பவழமும் தெரியாது, பயமும் போகாது."

"வாய்க்கு ஒரு கொறச்சலும் இல்ல, கேட்டியா. நான் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போயி உன் பேருக்கும் ஒரு தேங்காய் உடைச்சிட்டு வாறேன்."

அவள் போனதும் வீட்டில் மழைச் சத்தமும், கூடத்துச் சாய்வு நாற்காலியில் கோமதிநாயகத்தின் பகல் தூக்கத்துக் குறட்டையும் மட்டுமே மிஞ்சின. ஓட்டை ரயில் என்று அந்தக் குறட்டையை வடிவாம்பாள் போகும் வீடெல்லாம் கேலி செய்திருக்கிறாள். புதுச் சரட்டைக் கட்டிக்கொண்டு, பழைய வெறுஞ்சரட்டை அறுத்துக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள். ஒரு பவழம் மட்டும் மீந்திருந்தது. துளை அடைத்திருந்ததால் ஊசி நுழையவில்லை. சுரண்டினாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. சுண்ணாம்பு என்று நினைத்து மோந்து பார்த்தாள்.

காய்ந்த பால்.

சின்ன வயதில் பார்த்தது ஞாபகம் வந்தது. அத்தையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள். செத்துப்போன மாமா கூடத்தில். ஒருத்தி அத்தையின் பிடரியில் முடிச்சை அவிழ்த்து, தாலியைக் கிண்ணத்துப் பாலில் போட்டாள். வெள்ளைப் பாலுக்குள் சிவப்புப் பவழங்கள் ஒவ்வொன்றாக முங்கின. அப்புறம் அந்தப் பவழங்கள் எங்கே போகும் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

கை கழுத்துக்குப் போனது. பவழங்கள் ஈரமாக இருந்தன. இப்போதே அவிழ்த்துவிடலாம். ஆனால் மாற்றிக் கட்ட வேறு சரடு இல்லை. அவர் உயிரோடிருக்க வெறுங்கழுத்தாக நிற்பதா? மழையில் ஓடிப் போய் மதினியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் மதினி சிரிப்பாள். தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மதினி தானாக வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மழை விட்டது.

குறட்டையும் விட்டிருந்தது.

"என்னங்க?"

கூடத்துக்கு வந்தாள். நாற்காலியில் அவர். வாய் திறந்தபடி. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. காலடியில் ஒரு வெண்கலக் கிண்ணம். வீட்டில் வேறு யாருமில்லை. வாசல் கதவு அவள் உள்ளே போட்ட தாழோடு.

கிண்ணம் நிறையப் பால். இப்போதுதான் வைத்ததுபோல் தளும்பிக்கொண்டிருந்தது.

பின்னால் ஈரப்புடவைகள் சரசரத்தன. ஒருத்தி அல்ல. பலர். நெருக்கியடித்து உட்காரும் சத்தம். பால் வாடை.

பிடரியில் ஜில்லென்று விரல்கள் முடிச்சைத் தேடின.